'கல்யாணம் ஆயிடுச்சா?' என்று கேட்டால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 28. சென்னையில் வேலை. வரும் தை மாதம் திருமணம். மாப்பிள்ளையோடு ஏழு மாதமாகப் பழக்கம். முழு உறவு வைத்துக்கொண்டதில்லை. ஆனால் ஆடையில்லாமல் உரசிக்கொண்டது, கையால் தொட்டுக்கொண்டது, இரண்டு முறை அவர் எனக்கு வாயால் செய்தது எல்லாம் நடந்திருக்கிறது. கடைசியாக நடந்து ஐந்து வாரம் ஆகிறது. எனக்கு முன்னால் அவருக்கு ஒரு காதல் இருந்தது, அதில் உறவும் இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அவருக்கு அவ்வப்போது உதட்டில் சூட்டுக் கொப்புளம் வரும். அந்தக் கடைசித் தடவைக்குப் பிறகு கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பிறப்புறுப்பின் உள்பக்கத்தில் குட்டிக் குட்டிப் பருக்கள் தெரிந்தன. வலியோ அரிப்போ இல்லை. பயந்துபோய் 12-ஆம் நாள் 'முழுப் பால்வினைத் தொகுப்பு' என்று ஆன்லைனில் பதிவுசெய்து ரத்தம் கொடுத்தேன். எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ்), மஞ்சள் காமாலை பி எல்லாம் நெகட்டிவ். ஹெர்பிஸ் ஐ.ஜி.எம். மட்டும் பாசிட்டிவ். மகளிர் மருத்துவரிடம் போனேன். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்போ ஒண்ணும் இருக்காதும்மா" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். ரிப்போர்ட்டை நம்புவதா, டாக்டரை நம்புவதா? எனக்கு எச்.ஐ.வி. வருமா? திருமணத்தை நிறுத்த வேண்டுமா?
— பெயர் வெளியிட வேண்டாம், சென்னை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தூக்கம் கெட்டுப் போய் எழுதியிருக்கிறீர்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. அதனால் முடிவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். திருமணத்தை நிறுத்த வேண்டிய காரணம் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. நீங்கள் சொன்னவற்றில் எச்.ஐ.வி. தொற்ற வழி ஏறக்குறைய இல்லை. ஒரே ஒரு இடத்தில் சிறு கேள்வி இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன். ஹெர்பிஸ் ஐ.ஜி.எம். பாசிட்டிவ் என்ற ஒரு வரியை வைத்து உங்களுக்கு ஹெர்பிஸ் என்ற கொப்புள நோய் இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பருக்கள் பெரும்பாலும் உடம்பின் இயல்பான அமைப்பாகவே இருக்கும், ஆனாலும் ஒருமுறை மருத்துவர் கண்ணால் பார்க்க வேண்டும். அதே சமயம், 'ஒண்ணும் இருக்காது' என்று அனுப்பியதும் சரியில்லை. உறுப்பு உள்ளே போகாமலே தொற்றுகிற நோய்கள் உண்டு.

சிக்கல் அந்தக் கேள்வியில் இருக்கிறது. நம் ஊர் மருத்துவமனைகளில் 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்று கேட்டால் 'உறவு உண்டா?' என்று அர்த்தம். 'உறவு உண்டா?' என்றால் 'உறுப்பு உள்ளே போனதா?' என்று அர்த்தம். நாசூக்காகக் கேட்கிறோம் என்று நினைத்துக் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு நீங்கள் உண்மையைத்தான் சொன்னீர்கள். ஆனால் அந்த 'இல்லை'யோடு உரசல், கை, வாய் மூன்றும் கணக்கிலிருந்து விழுந்துவிட்டன. நோய்க்கிருமிக்குக் கல்யாணமும் தெரியாது, 'முழு உறவு' எது என்றும் தெரியாது. அதற்கு வேண்டியது ஒரு வாசல். எனவே கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: எது எதைத் தொட்டது? தோல் தோலையா, ஈரச் சவ்வு ஈரச் சவ்வையா, உடல் நீர் சவ்வில் பட்டதா, ரத்தம் வந்ததா?

உள்ளங்கை, தொடை, வயிறு இங்கெல்லாம் தோலின் மேல்பரப்பு உயிரற்ற செல்களின் தடித்த அடுக்கு. வெட்டோ புண்ணோ இல்லாத வரை அதன் வழியாக எச்.ஐ.வி. போன்ற கிருமிகள் உள்ளே போக முடியாது. வாயின் உள்பக்கம், பெண்ணுறுப்பின் சிறு உதடுகளுக்கு உள்ளே இருக்கும் பகுதி, சிறுநீர்த் துவாரம், ஆணின் முன்தோலின் உள்பக்கம், ஆசனவாய் ஆகியவை ஈரச் சவ்வுகள். அங்கே அந்தக் காய்ந்த அடுக்கு இல்லை. பெரும்பாலான பால்வினைக் கிருமிகளுக்கு வாசல் அங்கேதான். மரு உண்டாக்கும் மனித பாப்பிலோமா வைரஸ், ஹெர்பிஸ் போன்ற சில மட்டும் பிறப்புறுப்பைச் சுற்றியுள்ள சாதாரணத் தோலில் உரசலால் உண்டாகும், கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு வழியாகவும் நுழைந்துவிடும். இந்த வேறுபாடு பிடிபட்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

எச்.ஐ.வி.யை எடுத்துக்கொள்வோம், உங்கள் பயத்தில் பாதி அதுதானே. தொற்றும் அளவுக்கு வைரஸ் இருப்பது ரத்தம், விந்து, விந்துக்கு முன் கசியும் நீர், யோனி நீர், ஆசனவாயின் உள்சவ்வு நீர், தாய்ப்பால் இவற்றில்தான். எச்சில், வியர்வை, கண்ணீர், சிறுநீர் இவற்றால் தொற்றாது. எனவே அவர் உங்களுக்கு வாயால் செய்ததில் உங்கள் மேல் பட்டது எச்சில் மட்டுமே. கையால் தொட்டதிலும் வழி இல்லை. உடலுக்கு வெளியே காற்றுப் பட்டு உலர உலர அந்த வைரஸ் தொற்றும் திறனை இழந்துவிடும். ஒப்பிட ஒரு கணக்கு சொல்கிறேன். சிகிச்சை எடுக்காத எச்.ஐ.வி. உள்ள ஆணோடு ஆணுறை இல்லாமல் யோனி வழி உறவு கொண்டால்கூட, பெண்ணுக்குத் தொற்றும் வாய்ப்பு 10,000 தடவைக்குச் சுமார் 8 என்று மதிப்பிடப்படுகிறது. ஆசனவாய் வழி என்றால் வாங்குபவருக்கு 138. உரசலுக்கும் கைக்கும் இப்படி எண் போடும் அளவுக்குத் தொற்று நடப்பதே இல்லை. எச்.ஐ.வி. இருப்பவரே ஒழுங்காக மாத்திரை எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த நிலையில் இருந்தால், முழு உறவிலும் துணைக்குத் தொற்றாது. இதைப் பலர் இன்னும் நம்ப மறுக்கிறார்கள். பெரிய ஆய்வுகளால் உறுதியான உண்மை இது.

நான் சொன்ன சிறு கேள்வி: ஆடையில்லாமல் உரசும்போது விந்தோ அதற்கு முன் கசியும் நீரோ யோனி வாசலிலேயே பட்டதா? வயிற்றிலும் தொடையிலும் பட்டிருந்தால் ஒன்றும் இல்லை. வாசலில் பட்டிருந்தால் அது சவ்வில் பட்ட நீர். வாய்ப்பு மிக மிகக் குறைவு, ஆனால் பூஜ்யம் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். அதற்கு ஒரே ஒரு பரிசோதனை போதும், அதுவும் சரியான நாளில். நீங்கள் 12-ஆம் நாள் கொடுத்தது வீண். நான்காம் தலைமுறைப் பரிசோதனை என்பது வைரஸின் பி24 புரதத்தையும், அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளையும் சேர்த்துத் தேடுவது. கை நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்தால் 18 முதல் 45 நாளுக்குள் தொற்றைக் காட்டிவிடும். எதிர்ப்புப் பொருளை மட்டும் தேடும் பரிசோதனைக்கும் விரல் நுனியில் குத்திச் செய்யும் சில வகைகளுக்கும் 90 நாள் வரை ஆகலாம். உங்களுக்கு இப்போது 35 நாள். இன்னும் பத்து நாள் பொறுத்து, நான்காம் தலைமுறையா என்று கேட்டுச் செய்யுங்கள். நெகட்டிவ் வந்தால் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. 'எதற்கும் இன்னொரு தடவை' என்று மாதாமாதம் ரத்தம் கொடுக்க வேண்டாம்.

அதே வாசலில் விந்து பட்டிருந்தால் கர்ப்பக் கேள்வியும் வரும். அரிது, ஆனால் நடக்கக்கூடியது. அதற்குப் பிறகு மாதவிடாய் வழக்கம்போல் வந்திருந்தால் கவலை இல்லை. நாள் தள்ளிப்போயிருந்தால் காலைச் சிறுநீரில் வீட்டிலேயே பரிசோதியுங்கள். மூன்று வாரம் தாண்டிவிட்டதால் இப்போது வரும் விடையை நம்பலாம். இனி இப்படி நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் எடுக்கும் 1.5 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரை இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது.

அடுத்து அந்த ஹெர்பிஸ் ரிப்போர்ட். இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இந்த ஒரு வரியால் நிச்சயதார்த்தமே முறிந்துபோகிற அளவுக்கு வீடுகளில் சண்டை வரும். ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் இருந்தால் 'புதுத் தொற்று' என்று மற்ற நோய்களில் சொல்வதை அப்படியே ஹெர்பிஸுக்கும் பொருத்திவிடுகிறார்கள். இங்கே அது செல்லாது. இந்தப் பரிசோதனை ஹெர்பிஸ் 1, 2 வகைகளைப் பிரித்துக் காட்டாது. சின்னம்மை வைரஸ் போன்ற அதே குடும்பத்து வைரஸ்களுக்கான எதிர்ப்புப் பொருளையும் தவறாகப் பிடிக்கும். பழைய தொற்று மீண்டும் தலைதூக்கும்போதும் பாசிட்டிவ் காட்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 பால்வினை நோய் வழிகாட்டி, ஹெர்பிஸுக்கு ஐ.ஜி.எம். பார்க்கவே வேண்டாம் என்று சொல்கிறது. பின் ஏன் தொகுப்பில் சேர்க்கிறார்கள்? பட்டியல் நீளமாகத் தெரிந்தால் 'முழு' என்ற பெயர் பொருந்தும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஐ.ஜி.ஜி. என்ற இன்னொரு எதிர்ப்புப் பொருளைத் தேடும் பரிசோதனை ஓரளவு மேல், ஆனால் தொற்று நடந்து 12 வாரமாவது ஆக வேண்டும். அப்போதும் வகை 1 பாசிட்டிவ் வந்தால் அது எங்கே இருக்கிறது, எப்போது வந்தது என்று சொல்லாது. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு வகை 1 இருக்கிறது. பெரும்பாலோருக்குச் சின்ன வயதில் யாரோ கொஞ்சி முத்தமிட்டதில் வந்தது. உங்களுக்கும் அப்படி இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்படியிருந்தால் அதே வகை வேறு இடத்தில் புதிதாகத் தொற்றுவது அபூர்வம்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நிஜமாகவே கவனிக்க வேண்டிய ஒரு வரி உண்டு: அவருக்கு உதட்டில் வரும் 'சூட்டுக் கொப்புளம்'. உடம்புச் சூடு, பூச்சி எச்சம் பட்டது என்று வீட்டில் சொல்வார்கள். உதட்டு ஓரத்தில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப, கொத்தாக நீர் கோத்து, உடைந்து பொருக்கு கட்டி, ஏழு முதல் பத்து நாளில் ஆறினால் அது ஹெர்பிஸ் வகை 1. காய்ச்சல், வெயில், தூக்கமின்மை எல்லாம் அதைத் தூண்டிவிடும், உண்டாக்குவது வைரஸ். அந்த உதடு உங்கள் உறுப்பில் பட்டால் வைரஸ் அங்கே போகலாம். புண் இல்லாத நாளிலும் சில சமயம் கொஞ்சம் வைரஸ் உதிரும், ஆனால் ஆபத்து அதிகம் புண் இருக்கும்போதுதான். புண் வருவதற்கு முந்தின நாள் அந்த இடத்தில் ஒரு சுருக், குறுகுறுப்பு, லேசான எரிச்சல் தெரியும். அது அவருக்கே நன்றாகத் தெரியும், கேட்டுப் பாருங்கள். அந்தக் குறுகுறுப்பு தொடங்கியதிலிருந்து பொருக்கு உதிர்ந்து கீழே முழுத் தோல் தெரியும் வரை முத்தமும் வேண்டாம், வாயால் செய்வதும் வேண்டாம். புண்ணைத் தொட்ட விரலையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

தொற்றியிருந்தால் எப்படித் தெரியும்? பட்ட நாளிலிருந்து 2 முதல் 12 நாளுக்குள், சிவந்த அடித்தளத்தின் மேல் கொத்தாக நீர்க் கொப்புளங்கள் வந்து, ஓரிரு நாளில் உடைந்து மேலோட்டமான புண்ணாகும். முதல் தடவை என்றால் சிறுநீர் பட்டால் உயிர் போகிற எரிச்சல், தொடை இடுக்கில் நெறி கட்டுதல், காய்ச்சல், உடம்பு வலி எல்லாம் சேர்ந்து வரலாம். லேசாகவோ தெரியாமலோ வந்து போவதும் உண்டு. ஐந்து வாரமாக வலியில்லாமல், மாறாமல், அப்படியே இருக்கும் பருக்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இனி எப்போதாவது புண் வந்தால் ரத்தம் கொடுக்காதீர்கள். புண் புதிதாக இருக்கும்போதே, முதல் இரண்டு நாளுக்குள், பஞ்சுக்குச்சியால் அதன் அடியைத் தேய்த்து எடுத்து பி.சி.ஆர். செய்யச் சொல்லுங்கள். அதுதான் பேசும் பரிசோதனை. பொருக்கு கட்டிய பிறகு எடுத்தால் இருப்பதும் இல்லை என்று வரும்.

சரி, அந்தப் பருக்கள் என்ன? சிறு உதடுகளின் உள்பக்கத்தில் பல பெண்களுக்கு இயல்பாகவே மெத்தென்ற, சவ்வின் நிறத்திலேயே இருக்கும் சிறு முனைகள் வரிசையாக இருக்கும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதும், ஒவ்வொரு முனைக்கும் அடி தனித்தனியாக இருப்பதும் அதன் அடையாளம். ஒருநாளும் பார்க்காத இடத்தை முதல்முறை பயத்தோடு பார்க்கும்போது அது நோயாகத்தான் தெரியும். பால்வினை மரு அப்படி இருக்காது. ஒரே அடியிலிருந்து பல முனைகள் கிளம்பி, சொரசொரப்பாக, காலிஃபிளவர் துண்டு போல, ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக இருக்கும், வாரங்களில் பெருகும். மஞ்சள் கலந்த கடுகு அளவுப் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள், அவையும் இயல்பு. நடுவில் குழி விழுந்த முத்து போன்ற பருக்கள் மொலஸ்கம் என்ற தோல் வைரஸ். உரசலில் பரவும், மழித்தால் கத்தி போன வழியெல்லாம் முளைக்கும், பல மாதத்தில் தானே போகும். அவருக்கும் ஒன்று சொல்லுங்கள்: ஆணுறுப்பின் மொட்டு விளிம்பைச் சுற்றி மணி கோத்த மாதிரி ஒன்றிரண்டு வரிசை வெண்முனைகள் பல ஆண்களுக்கு இயல்பாக இருக்கும். மரு என்று நினைத்து எரித்துவிடக் கேட்டு வருகிறவர்கள் உண்டு.

கைக்கண்ணாடி, நல்ல வெளிச்சம், ஒரே ஒருமுறை. தினம் இரண்டு வேளை இழுத்துப் பார்த்தால் அதனாலேயே சிவந்து எரியும், அந்த எரிச்சல் புதுப் பயத்தைக் கிளப்பும். வினிகர் தடவி வெளுக்கிறதா என்று பார்க்கும் வேலையும் வேண்டாம், சாதாரணச் சவ்வும் வெளுக்கும்.

உங்கள் பழக்கத்தில் உண்மையில் அதிகம் பரவக்கூடியது மனித பாப்பிலோமா வைரஸ்தான், அதைப் பற்றி ஒருவரும் உங்களிடம் பேசவில்லை. உறுப்போடு உறுப்பு உரசினால் போதும். 200-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. 6, 11 வகைகள்தான் பத்தில் ஒன்பது மருக்களுக்குக் காரணம். 16, 18 வகைகள்தான் கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம். பயப்பட வேண்டாம், தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு ஆண்டுக்குள் உடம்பே அதை அடக்கிவிடும். ஆணுறை இதைக் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. அது மூடாத தோலிலும் வைரஸ் இருக்கும். இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. 30 வயதில் கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தொடங்குங்கள். இப்போது செய்ய வேண்டியது தடுப்பூசி. சீரம் நிறுவனத்தின் செர்வவாக் 9 முதல் 26 வயது வரைதான். உங்களுக்குக் கார்டசில் தடுப்பூசியில் எது பொருந்தும் என்று மருத்துவரிடம் கேளுங்கள், 45 வயது வரை பெண்களுக்குப் போடும் வகை உண்டு. இன்று ஒன்று, இரண்டாம் மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று என்று மூன்று தவணை. ஏற்கெனவே ஒரு வகை தொற்றியிருந்தாலும் மற்ற வகைகளுக்குப் பயன்படும். திருமணத்துக்கு முன் முதல் ஊசியாவது போட்டுவிடுங்கள். இடையில் கர்ப்பமானால் மீதியைப் பிரசவத்துக்குப் பின் போட்டுக்கொள்ளலாம்.

மேகப்புண், கிரந்தி என்று நம் பெரியவர்கள் சொன்ன சிபிலிஸும் உள்ளே போகாமல் தொற்றும். அதன் முதல் புண் பட்ட இடத்திலேயே வரும்: உறுப்பிலோ உதட்டிலோ விரலிலோ. 10 முதல் 90 நாளுக்குள், சராசரியாக மூன்றாவது வாரத்தில் வரும். வலிக்காது, அடி கெட்டியாக இருக்கும், மருந்தே போடாமல் 3 முதல் 6 வாரத்தில் ஆறிவிடும். ஆறிவிட்டதே என்று விட்டுவிடுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. அடுத்த கட்டத்தில் உள்ளங்கை, உள்ளங்கால் உட்பட உடம்பெல்லாம் தடிப்பு வரும். உங்கள் 12-ஆம் நாள் வி.டி.ஆர்.எல். நெகட்டிவ் எதையும் சொல்லவில்லை, புண் வரும் காலமே அப்போதுதான் தொடங்குகிறது. எச்.ஐ.வி.க்கு ரத்தம் எடுக்கும்போது இதையும் சேர்த்துச் செய்து, 90-ஆம் நாள் ஒருமுறை திரும்பப் பாருங்கள். ஆரம்ப நிலை என்றால் பென்சதின் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஒரே தடவை ஊசியாகப் போட்டால் தீர்ந்துவிடும். கர்ப்பத்தில் கவனிக்காமல் விட்டால் குழந்தையைப் பாதிக்கும். அதனால்தான் கர்ப்பிணிகளுக்குத் தவறாமல் இதைப் பார்க்கிறார்கள்.

வெட்டை எனப்படும் கொனோரியா, கிளமீடியா இரண்டும் ஈரச் சவ்வில் வாழ்பவை. காய்ந்த தோல் உரசலில் வராது. சீழோ நீரோ சவ்வில் பட்டால் வரலாம், கொனோரியா தொண்டையிலும் தங்கும். தொண்டையில் இருந்தால் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இருக்காது. பெண்களுக்கு உறுப்பில் இருந்தாலும் பல சமயம் தெரியாது. உங்களுக்கு வாய்ப்பு குறைவு, ஆனால் அவருக்கு முன்பு உறவு இருந்திருக்கிறது என்பதால் அவர் சிறுநீரில் கிருமியின் மரபணுவைத் தேடும் 'நாட்' பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வரும் 20 முதல் 30 மில்லியை மட்டும் பிடிக்க வேண்டும். வழக்கமான பழக்கத்தில் நடுவில் வருவதைப் பிடித்தால் கிருமி தப்பிவிடும். உங்களுக்கும் செய்ய வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், யோனிப் பஞ்சுக்குச்சியை நீங்களே ஐந்து சென்டிமீட்டர் அளவு உள்ளே வைத்துச் சுழற்றி எடுத்துக் கொடுக்கலாம். கருவி வைத்துப் பார்க்க வேண்டியதில்லை. அந்தப் பயத்தாலேயே பரிசோதனையைத் தவிர்ப்பவர்கள் நிறைய.

மஞ்சள் காமாலை பி வைரஸ் உலர்ந்த ரத்தத்தில்கூட ஏழு நாள் உயிரோடு இருக்கும். ஒரே ரேசரை இருவர் பயன்படுத்தக்கூடாது என்பது அதனால்தான். உங்கள் வயதுக்காரர்கள் பலருக்குச் சிறுவயதில் இந்தத் தடுப்பூசி போட்டிருக்காது. 0, 1, 6 மாதம் என்று மூன்று ஊசி, இருவரும் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று சிரங்கு. இது உறவே இல்லாமல் பக்கத்தில் படுத்தாலே வரும். முதல்முறை என்றால் அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம்கூட ஆகும். இரவில் அரிப்பு, விரலிடுக்கில் பருக்கள் என்றால் 5 விழுக்காடு பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து பாதம் வரை இரவில் பூசிக் காலையில் குளித்து, ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பூச வேண்டும், நெருங்கிப் பழகுபவர்களும் அதே நாளில். அரிக்கிற இடத்தில் மட்டும் பூசுவதால்தான் பலருக்குத் திரும்பத் திரும்ப வருகிறது.

கழிப்பறை இருக்கை, நீச்சல் குளம், ஆபீஸ் நாற்காலி இவற்றால் எச்.ஐ.வி., சிபிலிஸ், வெட்டை, கிளமீடியா எதுவும் வராது. அந்தக் கவலையை இப்போதே விட்டுவிடுங்கள்.

இனி வரும் நாளுக்குச் சில நடைமுறைகள். உரசும்போதும் ஆணுறை போட்டுக்கொண்டால் நீர் பரிமாற்றம் நின்றுவிடும், கர்ப்பக் கவலையும் தீரும். ஆணுறையோடு தேங்காய் எண்ணெய், பேபி ஆயில், வாசலின் எதுவும் கூடாது. எண்ணெய் பட்ட சில நிமிடங்களிலேயே ரப்பர் பலவீனமாகிக் கிழியும். தண்ணீர் அல்லது சிலிக்கான் சார்ந்த வழவழப்பு ஜெல் மட்டும். வாயால் செய்ய மறைப்பு வேண்டுமென்றால், அதற்கென்றே உள்ள ரப்பர் தாள் நம் ஊர்க் கடைகளில் கிடைப்பது கடினம். மசகு தடவாத ஆணுறையைப் பிரித்து, நுனியையும் அடி வளையத்தையும் கத்தரித்து, பக்கவாட்டில் நீளமாக வெட்டி விரித்தால் ஒரு சதுரத் தாள் கிடைக்கும். நீட்டிப் பிடித்து ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்த வேண்டும், திருப்பிப் போட்டால் பயனில்லை. விரல் நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். நகக்கண்ணில் புண் இருந்தால் அந்தக் கை வேண்டாம். தன் உறுப்பைத் தொட்ட ஈரக் கையால் துணையின் உறுப்பைத் தொடக்கூடாது. வாயால் செய்வதற்குச் சற்று முன் பல் தேய்க்க வேண்டாம், ஈறு கீறியிருக்கும். முடிந்த பிறகு டெட்டால் ஊற்றிக் கழுவுவது, உள்ளே பீய்ச்சிக் கழுவுவது இரண்டும் கெடுதல். உறுப்பைக் காக்கும் நல்ல பாக்டீரியாவும் சவ்வும் கெட்டு, வெள்ளைப்படுதலும் எரிச்சலும் வரும், தொற்றுவது சுலபமாகும். வெறும் தண்ணீர் வெளியே மட்டும் போதும்.

ரத்தப் பரிசோதனைகளுக்குத் தனியார் தொகுப்பு தேவையில்லை. அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுவார். நான்காம் தலைமுறையா என்று அங்கும் கேளுங்கள், இல்லையென்றால் 90 நாள் கணக்குத்தான் பொருந்தும். 2017-இல் வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதிக்கவும் கூடாது, முடிவை வீட்டாரிடம் சொல்லவும் கூடாது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். மாப்பிள்ளையையும் கூட அழைத்துப் போங்கள். 'உன்னைச் சந்தேகப்படுகிறேன்' என்று தொடங்காமல், 'கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் பார்த்துக்கலாம்' என்று தொடங்கினால் பேச்சு சண்டையாகாது.

பருக்களைக் காட்ட தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவரிடம் போங்கள். போவதற்கு முன் ஒரு வாரம் மழிக்க வேண்டாம், களிம்பு தடவ வேண்டாம்; மழித்த புள்ளிகள் வந்து படத்தைக் குழப்பும். அங்கே யாராவது 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்று கேட்டால், ஆம் இல்லை என்று நிறுத்தாமல், இதை அப்படியே சொல்லுங்கள் அல்லது ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்: "டாக்டர், இன்னும் ஆகலை. உறுப்பு உள்ளே போகலை. ஆனா ஆடையில்லாம உறுப்போட உறுப்பு உரசியிருக்கு, கை பட்டிருக்கு, ரெண்டு தடவை அவர் எனக்கு வாயால செஞ்சிருக்கார். அவருக்கு உதட்டுல அடிக்கடி கொப்புளம் வரும். கடைசியா நடந்தது இந்தத் தேதி." தேதியை மறக்காமல் குறித்துக்கொண்டு போங்கள். எந்தப் பரிசோதனையை எப்போது செய்வது என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.